வளரும் வட்டும் விடாத பிடியும்

1971ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், மர்ரே ஹில் என்ற ஊரிலிருந்த பெல் ஆய்வுக்கூடத்தில் ஒரு பிடிபி-11 கணினி ஓடிக்கொண்டிருந்தது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் அவர்களுடைய சகாக்களும் எழுதிய யூனிக்ஸ்தான் அதை இயக்கியது. ஆய்வுக்கூடத்தின் காப்புரிமைப் பிரிவினர் தங்கள் விண்ணப்பங்களை அதில் தட்டச்சு செய்தார்கள். அந்தக் கணினியின் வட்டில் இருந்த மொத்த இடம் 512 கிலோபைட். இன்று கைபேசியில் எடுக்கும் ஒரே ஒரு படத்தைக்கூட அதில் வைக்க முடியாது. வட்டில் இடம் போதவில்லை என்ற கவலைக்கு யூனிக்ஸின் வயதேதான்.

அடுத்து வந்த வட்டுகளில் சில, கழற்றி மாட்டக்கூடியவை. ஆர்கே05 என்ற இயக்கியின் வட்டு 14 அங்குல விட்டம் கொண்டது. சாப்பாட்டுத் தாம்பாளம் போன்ற அதை ஒரு கனத்த உறைக்குள் வைத்திருப்பார்கள். கொள்ளளவு ஏறத்தாழ 2.5 மெகாபைட். தேவைப்படும் வட்டை அலமாரியிலிருந்து எடுத்து வந்து, இயக்கிக்குள் செருகி, அது வேகம் பிடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கணினியிடம் ‘வட்டு வந்துவிட்டது’ என்று சொல்ல வேண்டும். இப்படிக் கையால் பொருத்தியதைத்தான் ‘மவுன்ட்’ என்றார்கள். வேலை முடிந்ததும் ‘எடுக்கப் போகிறேன்’ என்று சொல்லிவிட்டுத்தான் கழற்ற வேண்டும். அதற்கான கட்டளை ‘யூமவுன்ட்’. ஆங்கிலச் சொல்லின் நடுவிலிருந்த ஓர் எழுத்தை விட்டுவிட்டு அன்று வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. லினக்ஸில் இன்றும் அதைத்தான் தட்டச்சு செய்கிறோம்.

வட்டைக் கையால் தூக்கும் காலம் போய்விட்டது. இன்றைய சர்வர்களின் வட்டு பல நேரங்களில் வேறொரு ஊரில், நாம் பார்த்திராத ஒரு கட்டடத்தில் இருக்கிறது. ஆனாலும் அன்று எழுந்த இரண்டு கேள்விகள் மாறவில்லை. இடம் தீர்ந்தால் எப்படிப் பெரிதாக்குவது? கழற்ற வேண்டும் என்றால், யாருடைய வேலையும் கெடாமல் எப்படிக் கழற்றுவது? பார்வைக்குத் தனித்தனியாகத் தெரியும் இந்த இரண்டும் ஓரிடத்தில் வந்து முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. அந்த முடிச்சைக் காட்டுவதுதான் இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

ஒரே மரம்

விண்டோஸில் ஒவ்வொரு வட்டுக்கும் ஓர் எழுத்து உண்டு. சி டிரைவ், டி டிரைவ் என்கிறோம். யூனிக்ஸின் வழி வேறு. அங்கே எல்லாக் கோப்புகளும் ஒரே மரத்தில் இருக்கின்றன. புதிய வட்டைப் பொருத்தினால், அது அந்த மரத்தின் ஏதோ ஒரு கிளையில் ஒட்டுக் கட்டப்படுகிறது. ஒட்டுக் கட்டிய இடம் வெளியிலிருந்து பார்க்கும் நிரலுக்குத் தெரியாது. ஒரு கோப்பகத்துக்குள் நுழைந்து நடந்துகொண்டே போகிறோம்; நடுவில் எந்த இடத்தில் ஒரு வட்டு முடிந்து இன்னொன்று தொடங்கியது என்பது கெர்னலுக்கு மட்டும் தெரியும். கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையப்பகுதி. எந்தக் கிளையில் எந்த வட்டு ஒட்டப்பட்டிருக்கிறது என்ற அட்டவணையை அது தன் நினைவகத்தில் வைத்திருக்கிறது.

விளக்கத்துக்காக ஓர் உதாரணத்தைக் கூடவே அழைத்துச் செல்வோம். ஒரு நூலகம் தன்னிடமுள்ள பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்கிறது. படங்கள் எல்லாம் ஒரு லினக்ஸ் சர்வரில், ‘இதழ்கள்’ என்ற கோப்பகத்தில் சேர்கின்றன. அந்தக் கோப்பகத்தில் 100 ஜிபி அளவுள்ள ஒரு தனி வட்டுப்பகுதி பொருத்தப்பட்டிருக்கிறது. ஒரு நாள் ஸ்கேன் நிரலால் மேற்கொண்டு எதையும் சேமிக்க முடியவில்லை. திரையில் வந்த செய்தி: சாதனத்தில் இடமில்லை.

மனைப்பிரிவும் வரைபடமும்

இடத்தைக் கூட்டுமுன், இடம் எப்படி நிர்வகிக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். வட்டு என்பது வெறும் நிலம். அதைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, எண் கொடுத்து, எது யாருடையது, எது காலி என்று ஏடு எழுதி வைத்தால்தான் அது குடியிருக்கத் தகுந்த மனைப்பிரிவு ஆகும். அந்த ஏட்டையும் அதன் விதிகளையும் சேர்த்துத்தான் கோப்பு முறைமை, அதாவது ஃபைல் சிஸ்டம் என்கிறோம்.

லினக்ஸில் பரவலாகப் புழங்கும் எக்ஸ்ட்4 என்ற கோப்பு முறைமையை எடுத்துக்கொள்வோம். 1993இல் ரெமி கார்ட் முதலானோர் உருவாக்கிய எக்ஸ்ட்2வின் பேரன் அது. 2008 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 2.6.28 கெர்னலில் முழுத் தகுதியோடு இடம்பெற்றது. அதில் ஒரு மனையின் அளவு பொதுவாக 4,096 பைட். இதற்கு பிளாக் என்று பெயர். எந்த பிளாக் காலி, எதில் ஆள் இருக்கிறார்கள் என்று குறிக்க ஒரு வரைபடம் வேண்டும். ஒரு பிளாக்குக்கு ஒரு பிட்: 0 என்றால் காலி, 1 என்றால் நிறைந்தது. இந்த வரைபடத்தையும் ஒரே ஒரு பிளாக்குக்குள்தான் எழுதுகிறார்கள். 4,096 பைட்டில் 32,768 பிட்டுகள் உண்டு. எனவே ஒரு வரைபடம் 32,768 பிளாக்குகளைக் கண்காணிக்கும். பெருக்கிப் பார்த்தால் 128 எம்பி. ஒரு வரைபடத்தின் ஆளுகைக்குட்பட்ட இந்த 128 எம்பி பரப்பை ஒரு பிளாக் குழு என்பார்கள்.

ஒரு பெரிய வட்டை இப்படிச் சிறு குழுக்களாகப் பிரிக்கும் யோசனை கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து வந்தது. மார்ஷல் கிர்க் மெக்குசிக், வில்லியம் ஜாய், சாமுவேல் லெஃப்ளர், ராபர்ட் ஃபேப்ரி ஆகிய நால்வரும் 1984இல் வெளியிட்ட கட்டுரை அதை விவரித்தது. அவர்களுடைய நோக்கம் வேகம். ஒரு கோப்பின் விவரமும் அதன் உள்ளடக்கமும் வட்டின் இரு கோடிகளில் கிடந்தால், படிக்கும் முனை ஒவ்வொரு முறையும் குறுக்கும் நெடுக்கும் ஓட வேண்டும். இரண்டும் ஒரே வட்டாரத்தில் இருந்தால் அந்த ஓட்டம் மிச்சம். வேகத்துக்காகச் செய்த இந்த வட்டாரப் பிரிவினைதான், பிற்காலத்தில் வட்டைப் பெரிதாக்கும் வேலையையும் எளிதாக்கித் தந்தது.

ஒவ்வொரு குழுவிலும் வரைபடத்தோடு ஐநோடுகளின் பட்டியலும் இருக்கும். ஐநோடு என்பது ஒரு கோப்பின் பட்டா. யாருக்குச் சொந்தம், எவ்வளவு நீளம், எந்தெந்த பிளாக்குகளில் இருக்கிறது என்ற விவரங்கள் அதில் உண்டு. கோப்பின் பெயர் மட்டும் இருக்காது. பெயர் இருப்பது கோப்பகத்தில். ‘இந்தப் பெயருக்கு இந்த எண்ணுள்ள ஐநோடு’ என்ற வரிகளின் தொகுப்புதான் கோப்பகம். பெயர் வேறு, பட்டா வேறு. இந்த ஒரு பிரிவினையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பெரிய வேலை அதற்குக் காத்திருக்கிறது.

குடியிருப்பவரை எழுப்பாமல் ஊரைப் பெரிதாக்குவது

நம் நூலகத்தின் 100 ஜிபி என்பது 800 பிளாக் குழுக்கள். அதை 150 ஜிபி ஆக்க வேண்டுமானால், பழைய எல்லைக்கு அப்பால் 400 புதிய குழுக்களைச் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றிலும் புதிய வரைபடம், புதிய ஐநோடு பட்டியல். இவற்றையெல்லாம் எழுதி முடித்த பிறகு, வட்டின் தலைப்பக்கமான சூப்பர்பிளாக்கில் ‘மொத்தம் இத்தனை பிளாக்குகள்’ என்ற எண்ணைத் திருத்த வேண்டும். அந்தக் கணம்தான் புதிய நிலம் ஊரோடு சேருகிறது. அதுவரை பழைய 800 குழுக்களில் ஒரு பைட்கூட இடம் மாறுவதில்லை. அதனால்தான் கோப்புகள் திறந்திருக்கும்போதே, நிரல்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே, எக்ஸ்ட்4ஐப் பெரிதாக்கலாம். எல்லைக்கு வெளியே தெரு போடுவதற்கு உள்ளே குடியிருப்பவர்களை எழுப்ப வேண்டியதில்லை.

இதில் முன்யோசனை ஒன்றும் உண்டு. எல்லாக் குழுக்களின் முகவரியையும் சொல்லும் ஓர் அட்டவணை வட்டின் தொடக்கத்தில் இருக்கிறது. குழுக்கள் கூடினால் அட்டவணையும் நீளும். ஆனால் அதை ஒட்டினாற்போல் வேறு கோப்புகள் குடியேறிவிட்டால் நீட்ட இடம் இருக்காது. எனவே கோப்பு முறைமையை உருவாக்கும்போதே, அது தன் அளவைப்போல் 1,024 மடங்குவரை வளரலாம் என்று எண்ணி, அட்டவணைக்குப் பின்னால் காலி இடம் ஒதுக்கிவைக்கிறார்கள். எதிர்காலத்தில் மாடி எழும்பும் என்று தூணில் கம்பியை நீட்டி விட்டுவைக்கும் கொத்தனாரின் புத்தி இது.

பெரிதாக்குவது இவ்வளவு சுலபமென்றால் சிறிதாக்குவது? அங்கே கதை தலைகீழ். எல்லையை உள்ளே இழுக்க வேண்டுமானால், வெட்டப்படும் பகுதியில் இருப்பவர்களை எல்லாம் வேறு மனைகளுக்குக் குடிமாற்றி, அவர்களுடைய பட்டாக்களைத் திருத்த வேண்டும். எக்ஸ்ட்4 இதை அனுமதிக்கிறது. ஆனால் முழுதாகக் கழற்றிய பிறகுதான். 1990களில் சிலிக்கான் கிராஃபிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எக்ஸ்எஃப்எஸ் வளர்வதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. பொருத்தியிருக்கும் நிலையில்தான் அதைப் பெரிதாக்க முடியும். நடைமுறையில் அதைச் சிறிதாக்கும் வழி இல்லை. ஆகவே புதிதாக வட்டு அமைப்பவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம்: தொடக்கத்தில் அளவாகக் கொடுங்கள், தேவைப்படும்போது கூட்டுங்கள். கொடுத்ததைத் திரும்ப வாங்குவது கடினம்.

நிலம் எங்கிருந்து வருகிறது?

ஊரைப் பெரிதாக்க அடுத்த மனைகள் காலியாக இருக்க வேண்டும் அல்லவா? பழைய முறையில் வட்டைப் பார்ட்டிஷன்களாகத் தொடர்ச்சியான துண்டுகள் போட்டுவிடுவார்கள். நமது துண்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு துண்டு தொடங்கிவிட்டால் வளர வழி இல்லை. இதற்கு விடையாக வந்தது எல்விஎம் என்ற இடைநிலை அடுக்கு. எச்பி நிறுவனத்தின் யூனிக்ஸில் இருந்த முறையைப் பின்பற்றி, 1998இல் ஹைன்ஸ் மௌல்ஸ்ஹாகன் அதை லினக்ஸுக்காக எழுதினார்.

எல்விஎம் வட்டுகளை எல்லாம் ஒரு பொதுக் குளத்தில் சேர்க்கிறது. சேர்த்த இடத்தைச் சம அளவுத் துண்டுகளாக வெட்டுகிறது. ஒரு துண்டு வழக்கமாக 4 எம்பி. கேட்பவர்களுக்குத் துண்டுகளை எண்ணிக் கொடுக்கிறது. கோப்பு முறைமைக்கு அது தொடர்ச்சியான ஒரே நிலமாகத் தெரியும். உண்மையில் முதல் பாதி ஒரு வட்டிலும் மறுபாதி இன்னொரு வட்டிலும் இருக்கலாம். நம் நூலகம் கேட்ட 50 ஜிபி என்பது 12,800 துண்டுகள். குளத்தில் அவ்வளவு இருந்தால் சில நொடிகளில் கிடைத்துவிடும். இல்லையென்றால் புதிய வட்டு ஒன்றை வாங்கிக் குளத்தில் சேர்த்தால் போதும்.

புதியவர்கள் தடுக்கி விழும் இடம் இதற்கு அடுத்தது. நிலத்தை வாங்குவது ஒரு வேலை. அதை மனைப்பிரிவின் வரைபடத்தில் ஏற்றுவது இன்னொரு வேலை. ‘எல்விஎக்ஸ்டெண்ட்’ கட்டளை முதல் வேலையைச் செய்கிறது. எக்ஸ்ட்4 என்றால் ‘ரீசைஸ்2எஃப்எஸ்’, எக்ஸ்எஃப்எஸ் என்றால் ‘எக்ஸ்எஃப்எஸ் குரோஎஃப்எஸ்’ இரண்டாவதைச் செய்கிறது. முதலாவதை மட்டும் செய்துவிட்டு, காலி இடத்தைக் காட்டும் ‘டிஎஃப்’ கட்டளையைத் தட்டினால் அது பழைய 100 ஜிபியைத்தான் சொல்லும். வாங்கிய நிலம் எங்கும் போகவில்லை. ஏட்டில் ஏறவில்லை, அவ்வளவுதான். எல்விஎக்ஸ்டெண்டில் மைனஸ் ஆர் என்று சேர்த்தால் இரண்டு வேலையும் அடுத்தடுத்து முடியும். மேகக் கணினிச் சேவைகளில் வாங்கும் வட்டுகளுக்கும் இதே விதி. வட்டு, அதன் மேல் பார்ட்டிஷன், அதன் மேல் கோப்பு முறைமை என்று அடிமட்டத்திலிருந்து ஒவ்வோர் அடுக்காகப் பெரிதாக்கிக்கொண்டு வர வேண்டும்.

சிறிதாக்கும்போது வரிசை தலைகீழாகும். முதலில் கோப்பு முறைமையைச் சுருக்கி, அதன் பிறகுதான் அடியிலுள்ள நிலத்தைக் குறைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்தால், ஏட்டில் குடியிருப்பு என்று எழுதியிருக்கும் இடம் அடியில் இருக்காது. கோப்புகள் அறுபட்டுப் போகும். வட்டில் கை வைக்குமுன் நகல் எடுத்து வைத்திருக்கிறோமா என்று சரிபார்க்கச் சொல்வது இதனால்தான்.

இன்னொரு நுட்பமும் இங்கே உண்டு. இடம் இருந்தும் ‘இடமில்லை’ என்ற அதே செய்தி வருவதுண்டு. எக்ஸ்ட்4 வழக்கமாக 16 கேபிக்கு ஒரு ஐநோடு என்ற கணக்கில்தான் பட்டாக்களை அச்சடித்து வைக்கிறது. ஒரு குழுவுக்கு 8,192. மிகச் சிறிய கோப்புகள் லட்சக்கணக்கில் குவிந்தால், மனை மிச்சமிருக்கும்போதே பட்டா தீர்ந்துவிடும். தவிர, மொத்த இடத்தில் 5 சதவீதத்தை நிர்வாகிக்கு என்று எக்ஸ்ட்4 ஒதுக்கி வைக்கிறது. சாதாரண நிரல்களுக்கு இடம் தீர்ந்த பிறகும், நிலைமையைச் சரிசெய்ய வருபவருக்குக் கையூன்ற இடம் வேண்டுமல்லவா?

அழித்தும் போகாத கோப்பு

நூலகத்தின் சர்வருக்குத் திரும்புவோம். புதிய இடம் வாங்குமுன் நிர்வாகி ஒரு கணக்குப் பார்க்கிறார். ‘டிஎஃப்’ சொல்கிறது: 100 ஜிபியும் நிறைந்துவிட்டது. கோப்பகத்தில் உள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகக் கூட்டிச் சொல்லும் ‘டியூ’ கட்டளையோ 60 ஜிபிதான் என்கிறது. மீதி 40 ஜிபி எங்கே?

பெயர் வேறு, பட்டா வேறு என்று முன்னால் பார்த்தோம். யூனிக்ஸில் ஒரு கோப்பை அழித்தால், கோப்பகத்திலிருந்து அதன் பெயர்தான் உடனே நீங்குகிறது. ஐநோடும் அதன் பிளாக்குகளும் விடுபட இரண்டு எண்ணிக்கைகள் பூஜ்யமாக வேண்டும். ஒன்று, அந்த ஐநோடைச் சுட்டும் பெயர்களின் எண்ணிக்கை. மற்றொன்று, அதைத் திறந்து வைத்திருக்கும் பிராசஸ்களின் பிடி. பிராசஸ் என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல். யாராவது ஒருவர் பிடித்திருக்கும்வரை, பெயரில்லாத அந்தக் கோப்பு வட்டில் உயிரோடு இருக்கும்.

நூலகத்தில் நடந்தது இதுதான். ஸ்கேன் நிரல் தன் ஒவ்வொரு அசைவையும் அதே வட்டுப்பகுதியிலுள்ள ஒரு லாக் கோப்பில் எழுதி வந்தது. அது 40 ஜிபியாக வீங்கிவிட்டதைக் கண்ட ஒருவர், இடம் கிடைக்கும் என்று நம்பி அதை அழித்துவிட்டார். நிரலோ அதைத் திறந்தபடியே இருக்கிறது. பெயர் இல்லாததால் டியூவின் கூட்டலில் அது வரவில்லை. பிளாக்குகள் விடுபடாததால் டிஎஃபின் கணக்கில் அது நிற்கிறது. நிரலை முறைப்படி நிறுத்தித் தொடங்கினால் போதும், 40 ஜிபியும் அந்தக் கணமே திரும்பிவிடும். புதிய வட்டு வாங்க வேண்டிய தேவையே எழவில்லை.

முதலிலேயே சொன்ன முடிச்சு இங்கேதான் விழுகிறது. இடம் ஏன் திரும்பவில்லை என்ற கேள்விக்கும், வட்டு ஏன் கழல மறுக்கிறது என்ற கேள்விக்கும் விடை ஒன்றே: யாரோ பிடித்திருக்கிறார்கள்.

‘வேலையாக இருக்கிறது’

இப்போது நூலகம் அந்த வட்டுப்பகுதியைக் கழற்றியே ஆக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பிழை இருக்கிறதா என்று எக்ஸ்ட்4ஐ முழுமையாகச் சோதிக்கக் கழற்ற வேண்டும். சுருக்கக் கழற்ற வேண்டும். பழுதான வட்டை மாற்றவும் கழற்ற வேண்டும். நிர்வாகி யூமவுன்ட் கட்டளையைக் கொடுக்கிறார். விடை வருகிறது: இலக்கு வேலையாக இருக்கிறது. கெர்னலின் பிழைப் பட்டியலில் இதற்கு எண் 16.

யூமவுன்ட் செய்யும் வேலைகளில் முக்கியமானது, நினைவகத்தில் தேங்கியிருப்பதை வட்டுக்கு அனுப்புவது. நாம் சேமித்த கோப்பு உடனே வட்டுக்குப் போய்விடுவதில்லை. வேகத்துக்காகக் கெர்னல் அதை நினைவகத்தில் வைத்திருந்து பிறகு எழுதுகிறது. லினக்ஸின் வழக்கமான அமைப்பில் 30 விநாடிகளைக் கடந்தவை எழுதத் தகுதி பெறுகின்றன. பென் டிரைவை அறிவிப்பின்றிப் பிடுங்கினால் கோப்பு பாழாவதற்கு இந்த இடைவெளிதான் காரணம். தேங்கியதை யூமவுன்ட் தானே எழுதி முடித்துவிடும். அதற்காக அது மறுப்பதில்லை. மறுப்பதற்குக் காரணம், உள்ளே இன்னும் ஆள் இருக்கிறார்கள் என்பது. இரவில் கோயில் நடை சாத்துமுன் பிரகாரத்தைச் சுற்றி வந்து யாரும் இல்லை என்று உறுதி செய்துகொள்வதைப்போல, கெர்னல் தன் எண்ணிக்கையைப் பார்க்கிறது. பூஜ்யம் இல்லையென்றால் கதவைச் சாத்தாது.

எவையெல்லாம் பிடி என்று எண்ணப்படுகின்றன? படிக்கவோ எழுதவோ திறந்த கோப்பு ஒன்று. அந்த வட்டிலிருந்து தொடங்கி இப்போது ஓடும் நிரல் ஒன்று. நினைவகத்தில் இணைத்து வாசிக்கப்படும் நிரலகக் கோப்பு ஒன்று. எல்லாவற்றையும்விட அடிக்கடி நிகழ்வது, ஒரு பிராசஸ் அந்தக் கோப்பகத்துக்குள் ‘நின்றுகொண்டிருப்பது’. யூனிக்ஸில் ஒவ்வொரு பிராசஸுக்கும் தான் நிற்கும் கோப்பகம் என்று ஒன்று உண்டு. கழற்ற வந்தவர், சற்று முன் கோப்புகளைப் பார்வையிட ‘இதழ்கள்’ கோப்பகத்துக்குள் போயிருப்பார். அவருடைய டெர்மினல் ஜன்னல் இன்னும் அங்கேயே நிற்கும். மரத்தின் கிளையில் உட்கார்ந்துகொண்டு அதையே வெட்ட முயல்வது போன்றது இது. வெளியே வந்து மறுபடி கட்டளை கொடுத்தால் பல நேரங்களில் அதுவே போதும்.

யார் பிடித்திருக்கிறார்கள்?

கெர்னல் ‘வேலையாக இருக்கிறது’ என்று சொல்லும். யாரால் என்று சொல்லாது. அதைக் கண்டுபிடிக்க லினக்ஸ் ஓர் அழகான ஜன்னலைத் திறந்து வைத்திருக்கிறது. ‘பிராக்’ என்ற கோப்பகத்துக்குள் போனால், ஓடும் ஒவ்வொரு பிராசஸுக்கும் அதன் எண்ணையே பெயராகக் கொண்ட ஓர் உள்கோப்பகம் இருக்கும். அதில் அந்தப் பிராசஸ் எங்கே நிற்கிறது, எந்த நிரலிலிருந்து தொடங்கியது, எந்தெந்தக் கோப்புகளைத் திறந்திருக்கிறது என்பவை எல்லாம் கோப்புகளாகவே தெரியும். இவை வட்டில் எங்கும் எழுதப்பட்டவை அல்ல. நாம் படிக்கும் நொடியில் கெர்னல் தன் நினைவிலிருந்து எடுத்துக் கொடுப்பவை. பிராசஸ்களையும் கோப்புகளாகவே பார்க்கலாம் என்ற இந்த யோசனையை 1984இல் பெல் ஆய்வுக்கூடத்தின் டாம் கில்லியன் முன்வைத்தார். இந்த ஜன்னலால் இன்னொரு நன்மையும் உண்டு. தவறுதலாக அழித்துவிட்ட கோப்பை ஏதேனும் ஒரு பிராசஸ் திறந்து வைத்திருந்தால், அந்தப் பிராசஸின் கோப்பகம் வழியாக அதை நகலெடுத்து மீட்டுவிடலாம்.

இந்த ஜன்னலில் எட்டிப்பார்த்து விசாரிக்கும் கருவிகள் இரண்டு. ஒன்று ‘எஃப்யூசர்’, கோப்பைப் பயன்படுத்துபவர் யார் என்ற கேள்வியே அதன் பெயர். வட்டுப்பகுதியைச் சொன்னால், அதைப் பிடித்திருக்கும் பிராசஸ்களின் எண்களையும், பிடியின் வகையைக் குறிக்கும் ஓர் எழுத்தையும் தரும். சி என்றால் அங்கே நிற்கிறது. ஈ என்றால் அங்குள்ள நிரலாக ஓடுகிறது. எஃப் என்றால் கோப்பைத் திறந்திருக்கிறது. எம் என்றால் நினைவகத்தில் இணைத்திருக்கிறது. மற்றொன்று ‘எல்எஸ்ஓஎஃப்’, திறந்த கோப்புகளின் பட்டியல் என்பதன் சுருக்கம். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் விக் ஏபெல் எழுதியது. எந்தக் கோப்பு, எந்தப் பயனர், எந்த நிரல் என்று வரிவரியாக விரித்துச் சொல்லும். பெயர் நீங்கியும் பிடி விடாத கோப்புகளை மட்டும் தனியாகப் பட்டியலிடவும் அதற்குத் தெரியும். நூலகத்தின் 40 ஜிபி மர்மம் அதில் ஒரே வரியில் தெளிந்திருக்கும்.

இரண்டையும் நிர்வாகி உரிமையோடுதான் ஓட்ட வேண்டும். சாதாரணப் பயனருக்கு அடுத்தவருடைய பிராசஸ்களின் உள்விவரம் தெரியாது. ‘யாரும் இல்லை’ என்ற தவறான நிம்மதிதான் கிடைக்கும்.

ஆளைக் கண்டுபிடித்தாயிற்று. அடுத்து என்ன செய்வது? அது பின்னணியில் ஓடும் ஒரு சேவை என்றால், அந்தச் சேவையை அதற்குரிய கட்டளையால் நிறுத்த வேண்டும். வெறும் பிராசஸை மட்டும் கொன்றால், மேற்பார்வை செய்யும் நிரல் அடுத்த நொடியே புதிதாக ஒன்றைத் தொடங்கிவைக்கும். ஒரு பயனருடைய நிரல் என்றால் அவரிடம் சொல்லி மூடச் சொல்ல வேண்டும். அதுவும் இயலாதபோது 15ஆம் எண் சமிக்ஞையை அனுப்பலாம். கையிலிருக்கும் வேலையைச் சேமித்து முடித்துக்கொள் என்ற வேண்டுகோள் அது. 9ஆம் எண் சமிக்ஞை வேண்டுகோள் இல்லை. பிராசஸுக்கு அது தெரியவருவதே இல்லை. கெர்னல் அதை அந்த இடத்திலேயே முடித்துவிடும். பாதி எழுதிய கோப்பு பாதியிலேயே நிற்கும்.

எஃப்யூசரில் ஒரே எழுத்தைச் சேர்த்தால், பிடித்திருக்கும் அத்தனை பிராசஸ்களுக்கும் இந்த 9ஆம் எண் சமிக்ஞை போகும். எச்சரிக்கையாகச் சொல்கிறேன்: நாம் குறிப்பிட்ட கோப்பகத்தில் வட்டு எதுவும் பொருத்தப்படவில்லை என்றால், அந்தக் கோப்பகம் எந்தக் கோப்பு முறைமையில் இருக்கிறதோ அதைப் பிடித்திருக்கும் பிராசஸ்கள் எல்லாம் இலக்காகிவிடும். அது மூலக் கோப்பு முறைமையாக இருந்தால் சர்வரே சாய்ந்துவிடும். முதலில் பட்டியலை மட்டும் பாருங்கள். கொல்வதைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

பட்டியலில் வராதவர்கள்

சில நேரம் இரண்டு கருவிகளும் யாரையும் காட்டாது. ஆனாலும் வட்டு கழலாது. அப்போது பிராசஸ்களை விட்டுவிட்டுக் கெர்னலின் பக்கம் திரும்ப வேண்டும். ஒட்டுக் கட்டிய கிளையின் மேலேயே இன்னொரு ஒட்டு இருக்கலாம்; உள்ளே பொருத்தியதை முதலில் கழற்ற வேண்டும். நினைவகத்துக்கு உதவியாக வைக்கும் ஸ்வாப் கோப்பு அந்த வட்டில் இருக்கலாம். அங்குள்ள ஒரு கோப்பே லூப் என்ற முறையில் தனி வட்டாகப் பயன்படலாம். பிணையம் வழியாக மற்றக் கணினிகளுக்கு அந்தக் கோப்பகம் பகிரப்பட்டிருக்கலாம். இந்தப் பிடிகள் கெர்னலுடையவை என்பதால் எல்எஸ்ஓஎஃபின் வரிகளில் தெரியாது.

பிணையம் வழியாக வந்த வட்டின் மறுமுனை செத்துவிட்டால் இன்னொரு சிக்கல். அதிலிருந்து விடை வரும் என்று காத்திருக்கும் பிராசஸ், எழுப்ப முடியாத உறக்கத்தில் இருக்கும். நிலைப் பட்டியலில் அதற்கு டி என்ற எழுத்து. பல நேரங்களில் 9ஆம் எண் சமிக்ஞைகூட அதைத் தொடாது. காத்திருக்கும் விடை வந்தாலொழிய அது அசையாது.

2002இல் லினக்ஸில் நுழைந்த மவுன்ட் நேம்ஸ்பேஸ் என்ற வசதியும் புதிய ஒளிவிடம் ஒன்றை உண்டாக்கியது. அதன்படி, ஒவ்வொரு பிராசஸ் கூட்டமும் தனக்கென்று ஒரு கோப்பு மரத்தைப் பார்க்கலாம். நிரல்களைத் தனிமைப்படுத்தி ஓட்டும் இன்றைய கண்டெய்னர்கள் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன. நம் மரத்தில் வட்டைக் கழற்றிய பிறகும், ஒரு கண்டெய்னரின் மரத்தில் அது பொருந்தியே இருக்கக்கூடும். நம் பார்வையில் வட்டு போய்விட்டது. ஆனால் அதைச் சோதிக்கவோ நீக்கவோ முயன்றால் மறுபடியும் ‘வேலையாக இருக்கிறது’. அந்தக் கண்டெய்னரைத் தேடி நிறுத்தினால்தான் உண்மையில் விடுபடும்.

பொறுமையிழந்தவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு: யூமவுன்டோடு மைனஸ் எல். சோம்பலான கழற்றல் என்று அதை அழைக்கிறார்கள். மரத்திலிருந்து பெயர் உடனே நீங்கிவிடும். புதிதாக யாரும் உள்ளே வர முடியாது. ஆனால் உள்ளே இருப்பவர்கள் இருப்பார்கள், எழுதவும் செய்வார்கள். கடைசி ஆள் வெளியேறும்போதுதான் வட்டு உண்மையில் கழலும். அழித்த பின்னும் போகாத கோப்பின் கதைதான் இதுவும், ஒரு முழு வட்டின் அளவில். எனவே அந்தக் கட்டளை வெற்றி என்று திரும்பியதை நம்பி வட்டைப் பிடுங்குவது, உள்ளே ஆள் இருக்கும் வீட்டை இடிப்பதற்குச் சமம். மறுமுனை செத்த பிணைய வட்டுக்கு அது உதவும். கையால் எடுக்கப்போகும் வட்டுக்கு அது வேண்டாம்.

முறையான வரிசை

இந்த அத்தியாயத்திலிருந்து நடைமுறைக்கு எடுத்துச் செல்ல வேண்டியது ஒரு சிறிய ஒழுங்கு. இடம் தீர்ந்தது என்று செய்தி வந்தால், டிஎஃப், டியூ இரண்டின் கணக்கும் ஒத்துப்போகிறதா, ஐநோடு மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். அழித்தும் பிடிபட்டிருக்கும் கோப்புகளைத் தேடுங்கள். உண்மையிலேயே போதவில்லை என்றால் நிலத்தை முதலில், ஏட்டை அடுத்து என்று பெரிதாக்குங்கள். கழற்ற வேண்டுமென்றால், நீங்கள் அந்தக் கோப்பகத்திலிருந்து வெளியே வாருங்கள், யார் உள்ளே என்று கேளுங்கள், சேவைகளை நிறுத்துங்கள், பிறகு யூமவுன்ட் கொடுத்து, கட்டளை முடிந்து திரும்பும்வரை காத்திருங்கள். பெரிய சர்வருக்கும் உங்கள் பையிலிருக்கும் பென் டிரைவுக்கும் இந்த ஒழுங்கு ஒன்றுதான்.

‘வேலையாக இருக்கிறது’ என்ற செய்தியைக் கண்டு எரிச்சல்படாதீர்கள். எங்கோ ஒருவர் எழுதிக்கொண்டிருக்கும் பக்கத்தை அந்த நேரத்தில் காப்பாற்றிக்கொண்டிருப்பது அந்த மறுப்புதான். அதை மீறுமுன், யார் என்று ஒரு முறை கேளுங்கள்.